வேண்டாம்னு சொன்னா காதுலயே விழாதா?

"கவர் வேண்டாங்க, பை கொண்டு வந்திருக்கேன்". இத நான் எத்தன தடவ, எத்தன விதமா, எவ்ளோ சத்தமா தான் சொல்றது? பில் கவுண்டர் கிட்ட போகும்போதே பைய விரிச்சு கையில புடிச்சுக்கிட்டு தான் நிக்கறேன், வாயத் திறந்தும் சொல்றேன், ஆனா நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிர்ல இருக்கற கை தன்னால போயி கட்டுல இருந்து ஒரு கவர உருவி, உதறி, சாமான உள்ள போட்டு முடிச்சும் போட்டுடுது. சரின்னு நான் முடிச்ச அவுத்து சாமான என் பைக்கு மாத்திட்டு கவர திருப்பிக் குடுத்தா, அத அப்படியே கசக்கி கீழ இருக்கற குப்பைத் தொட்டில போடறாங்க. என் கண்ணு முன்னாடியே! ஒரு நிமிஷம் கூட உபயோகப்படாத கவர். அதுக்கப்புறம் எத்தனையோ தலைமுறைக்கு அது எங்கயாவது கெடக்கப் போகுது. பாக்கும்போதே எனக்கு பத்திக்கிட்டு வருது.

அங்க நின்னு வேல பாக்கறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். நாள் பூரா நின்னுக்கிட்டே, பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போக, அவங்க கை அப்படிப் பழகிப் போச்சு. என் கோவமெல்லாம் அந்தக் கைய அப்படிப் பழக்கினவங்க மேல. கேக்காம குடுக்கறது தான் நல்ல சர்வீஸ்னு யாரோ ஒருத்தர் முடிவு பண்ணி வெச்சுட்டாங்க, இப்போ வேண்டாம்னு சொல்றவங்க தான் ஒவ்வொரு தடவையும் போராடணும், வேணும்ங்கறவங்க வாயே திறக்க வேண்டாம். தலைகீழா இருக்கா இல்லையா?

டெலிவரி கதை இதவிட மோசம். ஆப்ல "ஸ்பூன் வேண்டாம்"னு டிக் பண்றேன், கீழ குறிப்பு எழுதற இடத்துலயும் தனியா எழுதறேன். பார்சல் வருது. பிரிச்சா மேலயே ஒரு பிளாஸ்டிக் உறை, சீல் போட்டு. உள்ள ஒரு ஸ்பூன், ஒரு ஃபோர்க், மடிச்சு வெச்ச டிஷ்யூ, ஒரு பல்குச்சி. அந்தப் பல்குச்சிக்கும் தனியா ஒரு உறை. ஒரு குச்சிக்கு! டப்பா மூடிய சுத்தி மூணு சுத்து டேப், அத நகத்தால கிளப்ப முடியாம கத்தி தேட வேண்டியிருக்கு, டேப் ஒட்டினதால அந்த டப்பாவ கழுவி திரும்ப வெச்சுக்கலாம்னாலும் பிசுபிசுப்பு போக மாட்டேங்குது. வீட்டு டிராயர திறந்தா பிரிக்காத ஸ்பூன் செட்டா நெறஞ்சு கெடக்கு. தூக்கிப் போடவும் மனசு வரல, யாருக்குக் குடுக்கறதுன்னும் தெரியல. விரல் நகம் அளவு ஒரு மெமரி கார்டு ஆர்டர் பண்ணா செருப்பு டப்பா சைஸுக்கு அட்டைப்பெட்டி, உள்ள பூரா காத்தடைச்ச பிளாஸ்டிக் தலகாணி. அத பத்தி பேச ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது.

இதுல எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது ஒரு விஷயத்துல தான். சின்ன சின்ன மாத்தம் பண்ணுங்க, பிளாஸ்டிக்க குறைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க இல்லையா, அந்த மாத்தமெல்லாம் நெஜமாவே கஷ்டம் இல்லங்க. வெளிய கெளம்பும்போது தண்ணி பாட்டில நெறச்சு எடுத்துக்கறது, தினமும் தூக்கிட்டுப் போற பைக்குள்ள ஒரு துணிப்பைய மடிச்சு வெச்சுக்கறது, லிக்விட் பாட்டிலுக்கு பதிலா சோப்புக் கட்டி, தூக்கிப் போடற ரேஸருக்கு பதிலா பிளேடு மட்டும் மாத்தற ரேஸர். கொஞ்ச நாள்ல அதுவா பழகிடும், யோசிக்கவே தேவையில்ல. கஷ்டம் எங்கன்னா, நம்ம மாறினதுக்கப்புறமும் எதிர்ல இருக்கறவங்க மாற விட மாட்டேங்கறாங்க. பார்சல் வாங்க சொந்தமா டப்பா கொண்டு போயி நீட்டினா ஏதோ கடன் கேட்டு வந்த மாதிரி பாக்கறாங்க. "டப்பா வெயிட் சேர்ந்துடும்ங்க, இதுல போட முடியாது"ன்னு ஒரு பதில். ஏங்க, காலி டப்பாவ எலக்ட்ரானிக் தராசு மேல வெச்சு ஒரே ஒரு பட்டன தட்டினா எடை ஜீரோவுக்கு வந்துடும், அதுக்குன்னே தான் அந்த பட்டன் இருக்கு! நானே கைய நீட்டிக் காட்டினதும் உண்டு. காட்டினா, "அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் இல்ல".

வீட்டாளுங்க, சொந்தக்காரங்க பக்கம் போனா இன்னொரு பாட்டு. "நீ ஒருத்தர் கவர் வாங்கலன்னா உலகம் மாறிடுமா?" கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. 1950ல உலகம் பூரா ஒரு வருஷத்துக்கு செஞ்ச பிளாஸ்டிக் ஏறத்தாழ 20 லட்சம் டன், இன்னிக்கு வருஷத்துக்கு 40 கோடி டன்னுக்கு மேல. இது வானத்துல இருந்தா கொட்டுச்சு? இந்த மாதிரி "ஒரு கவர் தானே" எல்லாம் சேர்ந்தது தான். "அதான் ரீசைக்கிள் பண்றாங்களே"ன்னு அடுத்த வசனம் ரெடியா வரும். 2017ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, 2015 வரைக்கும் குப்பையான பிளாஸ்டிக் எல்லாத்தையும் கணக்கு போட்டுப் பாத்துச்சு, மறுசுழற்சி ஆனது வெறும் 9 சதவீதம், எரிச்சது 12 சதவீதம், மீதி 79 சதவீதம் குப்பைக் கிடங்குலயும் மண்ணுலயும் தண்ணிலயும் தான் கெடக்கு. டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் போட்டிருக்கே, அது ரீசைக்கிள் ஆகும்னு குடுத்த உத்தரவாதம்னு எத்தன பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க! 1988ல கொண்டு வந்த அந்த நம்பர் 1ல இருந்து 7 வரைக்கும் எந்த வகை பிளாஸ்டிக்னு மட்டும் தான் சொல்லும். அத எடுத்துக்க ஆள் இருக்காங்களா, உருக்க மெஷின் இருக்கான்னு அது சொல்லாது. ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் பாக்கெட் மாதிரி பளபளன்னு இருக்கறதுல பெரும்பாலும் வேற வேற படலத்த ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி வெச்சிருப்பாங்க, அத தனித்தனியா பிரிச்சு எடுக்கற செலவுக்கு யாரும் தொடவே மாட்டாங்க. அதனால தான் சொல்றேன், வாங்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம், கைக்கு வராம இருக்கறது தான் ஒரே வழி.

இதுக்கு நடுவுல "மக்கும் பிளாஸ்டிக்"னு பச்சை இலை படம் போட்டு குடுக்கறாங்க. அதுல பல வகை தொழிற்சாலை மாதிரி பெரிய உரக் கிடங்குல, 60 டிகிரி கிட்ட சூடு இருந்தா தான் ஒழுங்கா மக்கும். வீட்டுத் தொட்டிலயும் கால்வாய்லயும் போட்டா மத்த பிளாஸ்டிக் மாதிரியே தான் கெடக்கும். காத்துலயே உடைஞ்சு மறைஞ்சுடும்னு சொல்லி வித்த ஆக்ஸோ வகைய ஐரோப்பிய ஒன்றியம் 2021ல தடையே பண்ணிடுச்சு, ஏன்னா அது மறையல, கண்ணுக்குத் தெரியாத துணுக்கா உடைஞ்சு பரவுச்சு.

துணிப்பையிலயும் கூத்து நடக்குது. எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் லோகோ அடிச்ச ஒரு காட்டன் பை, அதுவும் கேக்காமலே! 2018ல டென்மார்க் அரசோட சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட கணக்குப்படி, பருவநிலை பாதிப்ப மட்டும் பாத்தா ஒரு சாதாரண காட்டன் பைய 52 தடவையாவது உபயோகிச்சா தான் ஒரு பிளாஸ்டிக் கவருக்கு ஈடாகும், மத்த எல்லா பாதிப்பையும் சேர்த்துப் பாத்தா 7100 தடவ. தெருவுலயும் கடல்லயும் சிதறிப் போற குப்பைய அந்தக் கணக்கு சேர்க்கல, அதனால "பாத்தியா, கவரே நல்லது"ன்னு யாரும் கெளம்பிட வேண்டாம். இருக்கற பைய கிழியற வரைக்கும் உபயோகிங்க, புதுசா யார் நீட்டினாலும் வாங்காதீங்கன்னு தான் அர்த்தம்.

நான் கேக்கறது எல்லாத்தையும் தடை பண்ணுங்கன்னு இல்ல. வளையற ஸ்ட்ரா இல்லாம தண்ணி குடிக்க முடியாதவங்க இருக்காங்க, அவங்க கேட்டா கெடைக்கணும். கேட்டா குடுங்க, அவ்ளோ தான். அயர்லாந்துல 2002ல பிளாஸ்டிக் பைக்கு ஒரு சின்ன கட்டணம் வெச்சாங்க. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 328 பைன்னு இருந்தது சட்டுனு 21 கிட்ட வந்துடுச்சு. ஒரு ராத்திரில அந்த ஊர் ஜனங்க எல்லாம் வேற ஆளாவா ஆயிட்டாங்க? "பை வேணுமா?"ன்னு ஒரு கேள்வி நடுவுல வந்துச்சு, யோசிச்சுப் பாத்தாங்க, பெரும்பாலானவங்களுக்குத் தேவையே படல.

அந்த ஒரு கேள்வியக் கேக்க என்ன கஷ்டம்? கடை நடத்தறவங்க வேல பாக்கறவங்க கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே நடக்கும். ஆப் நடத்தறவங்களுக்கு இன்னும் சுலபம், ஸ்பூன் வேணும்ங்கறவங்க டிக் பண்ணட்டும், டிக் இல்லன்னா போடக்கூடாதுன்னு கிச்சனுக்கு பில்லுலயே பெருசா அச்சடிச்சு அனுப்புங்க. இப்போ அதே ஆப்ல "ஐட்டம் குறையுது"ன்னு கம்ப்ளெயின்ட் பண்ண பட்டன் இருக்கு, "வேண்டாம்னு சொன்னதையும் அனுப்பிட்டாங்க"ன்னு சொல்ல ஒரு பட்டன் இல்ல. மொதல்ல அத வைங்க.