சிங்கப்பூர்ப் பீரங்கிகள் திரும்பின. குண்டுதான் சரியில்லை

1942-ல் பிரிட்டிஷார் கையிலிருந்த சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்த மாதம் பிப்ரவரி. அது வந்தால் போதும், 'சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் பீரங்கியைக் கடல் பக்கம் திருப்பி வைத்தான், ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக (வடக்கே மலாயா நிலப்பக்கமாக) வந்தான்' என்ற கிண்டல் சுற்ற ஆரம்பித்துவிடும். பாதி பொய். அந்தப் பீரங்கிகளில் வேலை செய்தவர்களுக்கு இழைக்கும் அநியாயமும்கூட.

தீவில் இருந்த பெரிய கரையோரப் பீரங்கிகள் 29. 15 அங்குலம் 5, 9.2 அங்குலம் 6, 6 அங்குலம் 18. சாங்கியில் மூன்று 15 அங்குலப் பீரங்கிகள் இருந்த நிலைக்கு 'ஜொகூர் பேட்டரி' என்று பெயர். பாதுகாப்புச் செலவுக்கு ஐந்து லட்சம் பவுண்டு கொடுத்த ஜொகூர் சுல்தானை முன்னிட்டு வைத்தது. 1942 பிப்ரவரியில் இங்கிருந்து தீவின் உள்ளே இருக்கும் தெங்கா, புக்கித் தீமா பக்கமெல்லாம் குண்டு போனது. ஆக, திரும்பின.

சிக்கல் குண்டில். 15 அங்குலத்துக்கு இருந்தது கப்பல் கவசத்தைத் துளைக்கும் குண்டு. எடை சுமார் 880 கிலோ, அதில் பெரும்பங்கு எஃகு. வெடிமருந்து கொஞ்சம்தான். திரி அடிப்பாகத்தில், அதுவும் சற்றுத் தாமதித்தே பற்றும். தகட்டைத் துளைத்து உள்ளே போனபின் வெடிக்கவேண்டும் என்பதற்காக. இதே குண்டு ரப்பர்த் தோட்டத்து ஈரமண்ணில் விழுந்தால்? ஆழமாகப் புதைந்து வெடிக்கும். சேறு மேலே கிளம்பும், சிதறல் பரவாது. காலாட்படைக்கு எதிராகச் சிதறுகிற குண்டு வேண்டும். சிறிய பீரங்கிகளுக்கு அது இருந்தது, ஆனால் மிகக் குறைவு. கஞ்சத்தனம் என்றும் சொல்ல முடியாது. கப்பலை எதிர்பார்த்துக் கட்டிய கிடங்கில் கப்பலுக்கான குண்டுதான் இருக்கும்.

குறி பார்ப்பது அடுத்த தலைவலி. கரையோரத் தொலைவுமானி குன்றின்மேல் இருக்கும். அதன் உயரம் தெரியும்; கப்பல் நீரைத் தொடும் கோட்டைப் பார்த்துச் சாய்கோணத்தை அளந்தால் தூரம் வந்துவிடும். அலை ஏறி இறங்கினால் உயரக் கணக்கு மாறும், அதையும் திருத்தவேண்டும். நிலத்தில் நீர்க்கோடு ஏது? வரைபடத்தை வைத்து அடிக்கவேண்டும், எங்கே விழுந்தது என்று முன்னால் இருக்கும் ஒருவர் தொலைபேசியில் சொல்லவேண்டும். குண்டு மழையில் முதலில் அறுவது அந்தக் கம்பிதான். போதாக்குறைக்கு இவை நீண்ட குழல் பீரங்கிகள். குண்டு தாழ்வாகப் பறக்கும், மேட்டுக்குப் பின்னால் பதுங்கியவனைத் தொடாது.

6 அங்குலப் பீரங்கிக் குழுவின் வேலையைப் பாருங்கள். 45 கிலோ குண்டைக் கையால் தூக்கிக் குழலின் பின்வாயில் வைக்கவேண்டும். தடியால் ஒரே மூச்சில் இடிக்கவேண்டும். குண்டைச் சுற்றியிருக்கும் செப்புப் பட்டை குழலின் உட்புறச் சுருள்வரிகளில் கடித்துப் பிடிக்கவேண்டும். இடி தளர்ந்தால், குழலை உயர்த்தும்போது குண்டு பின்னால் நழுவும். வாயு கசிந்து குண்டு இலக்குக்கு முன்பே விழும். அடுத்தது துணிப்பையில் கட்டிய கோர்டைட், குண்டை உந்தித் தள்ளும் மருந்து. பிறகு கதவு, பற்றவைக்கும் சிறுகுழாய், வெடி. குழலின் பின்னறையில் கனலும் துணித்துண்டு மிச்சமிருந்தால் அடுத்த பை உள்ளே போகும்போதே பற்றும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் இதைக் கவனித்தாகவேண்டும், மேலே விமானம் சுற்றினாலும். மேற்குக் கரையில் பாசிர் லாபா பீரங்கிகளை ஜப்பானியர் தீவில் இறங்குவதற்கு முன்பே தாக்கி முடக்கிவிட்டார்கள்.

தெற்கில் பீரங்கிகள் இருந்ததால்தான் கடற்படைத் தாக்குதல் தெற்கிலிருந்து வரவில்லை என்பது என் கருத்து. செய்த வேலை கண்ணுக்குத் தெரியாததால் அதற்குப் பெயர் கிடைக்கவில்லை.

கடைசியில் பீரங்கிக் குழுக்களுக்கு வந்த உத்தரவு, தங்கள் பீரங்கிகளைத் தாங்களே தகர்க்கவேண்டும் என்பது. பிப்ரவரி 15 அன்று சரணடைவு.

இவர்களில் வெள்ளையர் மட்டும் இல்லை. 'ஹாங்காங் சிங்கப்பூர் ராயல் ஆர்ட்டிலரி' என்ற பீரங்கிப்படையில் பஞ்சாப் முஸ்லிம்களும் சீக்கியர்களும் ஏராளம், அதிகாரிகள் பிரிட்டிஷார். இந்தியப் பெருங்கடலில் ஜாவாவுக்குத் தெற்கே உள்ள கிறிஸ்துமஸ் தீவில் இருந்த ஒரே 6 அங்குலப் பீரங்கியும் இப்படையின் இந்தியர் கையில்தான் இருந்தது. 1942 மார்ச்சில் அங்கே அவர்கள் கலகம் செய்து, தங்கள் கேப்டனையும் நான்கு பிரிட்டிஷ் வீரர்களையும் கொன்றார்கள். வீரக்கதை மட்டும் வேண்டுமென்பவர்கள் இதை விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன், சேவை என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

சிங்கப்பூரில் சிறைப்பட்டவர்களில் பிரிட்டிஷ் பீரங்கிப்படையான ராயல் ஆர்ட்டிலரியின் வீரர்கள் 600 பேரை ஜப்பானியர் 1942 அக்டோபரில் கப்பலேற்றினார்கள். 517 பேரை சாலமன் தீவுகளில் உள்ள பலாலே தீவில் விமானத்தளம் கட்ட வைத்தார்கள், ஒருவர்கூட மிஞ்சவில்லை. நியூகினி அருகே நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபாவுல் பக்கத்தில் விடப்பட்டவர்களில் போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 18 பேர்.