சிங்கப்பூரில் பக்கி வாங்குபவருக்குக் கார்ப்பெட் வண்டி எதற்கு?

பத்தில் ஒரு பங்கு அளவில் வரும் டூ வீல் டிரைவ் (பின் சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும்) ஆர்சி பக்கி, அதாவது ரிமோட்டில் ஓட்டும் குட்டிப் பந்தய வண்டி, வாங்கப் போகிறீர்களா? அதுவும் இன்று செம்மண், அடுத்த வாரம் செயற்கைப் புல், மழை வந்தால் உள்ளரங்கக் கார்ப்பெட் என்று கிடைத்த இடத்தில் ஓட்டுகிற ஆளா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்கென்று செய்த வண்டியை வாங்குங்கள். கார்ப்பெட் தரைக்கென்று செய்த வண்டி வேண்டாம். அலுமினியப் பாகங்களுக்கு ஒதுக்கி வைத்த காசை டயரில் போடுங்கள். சண்டைக்கு வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டு வரவும்.

இந்தக் குழப்பம் ஒன்றும் பழைய குழப்பம் இல்லை. 1984-இல் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 வண்டியைக் கொண்டுவந்தபோது யாரும் "எந்தத் தரைக்கு?" என்று கேட்கவில்லை. ஆஃப்-ரோடு என்றால் மண், அவ்வளவுதான். மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும். எடை பின் சக்கரத்தில் உட்கார்ந்து புழுதியிலும் டயரைத் தரையோடு அழுத்தும். 1985-இல் நடந்த முதல் ஆஃப்-ரோடு உலகப் போட்டியில் டூ வீல் பிரிவை வென்றது அந்த வண்டிதான். அதற்குப் பிறகு வெகுகாலம் இந்த அமைப்பைப் பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை.

அப்புறம் ஐரோப்பாவில் செயற்கைப் புல்லும் கார்ப்பெட்டும் பரவின. அந்தத் தரையில் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு தாராளம். இப்போது சிக்கல் முன்பக்கத்துக்கு வந்தது. மூக்கில் எடை இல்லாததால் ஸ்டியரிங் வளைத்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதனால் மோட்டாரைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்தினார்கள். அசோசியேட்டட் ஒரு தலைமுறையில் பின் மோட்டாருக்கு பி5, நடு மோட்டாருக்கு பி5எம் என்று இரண்டையும் சேர்த்தே விற்றது. அடுத்து வந்த பி6 வரிசையில் பின் மோட்டாரே இல்லை. இரண்டுமே நடு மோட்டார், பிரிவு மட்டும் தரையை வைத்து: அதிகப் பிடிப்புக்கு பி6, மண்ணுக்கு பி6டி. இப்போதுள்ள பி7, பி7டி வரை அதே கதை. எக்ஸ்ரே நிறுவனத்தின் எக்ஸ்பி2 வண்டிக்கு சி, டி என்று இரண்டு வடிவம். ஷூமாக்கர் கூகரில் எல்சி, எல்டி. யோக்கோமோ ஒய்இசட்-2 வரிசையிலும் கார்ப்பெட்டுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று. பெட்டியின் மேல் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கடையில் நிற்கிறவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும்.

அந்த ஓர் எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸும் எடையும்தான். கார்ப்பெட் வண்டியில் மோட்டாரையும் கியரையும் முடிந்தவரை தரையோடு படுக்க வைத்திருப்பார்கள். எடை தாழ்வாக இருந்தால் வளைவில் வண்டி கவிழாது. மண் வண்டியில் அதே கியர்பாக்ஸ் நிமிர்ந்தோ, கொஞ்சம் பின்சாய்ந்தோ நிற்கும். எடை சற்று உயரத்தில் இருப்பதால் வேகமெடுக்கும்போது அது பின்னால் சாய்ந்து பின் டயரை அமுக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கியர்பாக்ஸுக்குள் மூன்று பல்சக்கரமா நான்கா என்பதைப் பொறுத்து மோட்டார் சுழலும் திசையே மாறிவிடும். மூன்று என்றால் மோட்டார், சக்கரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். நான்கு என்றால் இரண்டும் ஒரே திசை. மோட்டாரின் உள்ளே இருக்கும் ரோட்டர் சின்னதுதான், ஆனால் திடீரென்று வேகமெடுக்கும்போது அதன் எதிர்விசை வண்டி முழுக்கத் தெரியும். ஒரே திசையில் சுழன்றால் அந்த எதிர்விசை மூக்கைத் தூக்கிப் பின்பக்கத்தை அமுக்கும். எதிர்த்திசையில் சுழன்றால் மூக்கைத் தாழ்த்தும். புழுதியில் ஓட்டுகிறவருக்கு முன்னது வேண்டும், கார்ப்பெட்டில் ஓட்டுகிறவருக்குப் பின்னது வசதி. காற்றில் பறக்கும்போது திராட்டிலை (முடுக்கியை) இழுத்தால் மூக்கு எழும்புவதும், பிரேக் போட்டால் மூக்கு இறங்குவதும் இதே மாதிரி எதிர்விசைதான். ஆனால் காற்றில் சக்கரமும் சேர்ந்து சுழல்வதால் அங்கே சக்கரத்தின் கை ஓங்கியிருக்கும். சரி, பௌதிக வகுப்பு போதும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வானிலை ஆய்வகக் கணக்குப்படி சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை. நவம்பர், டிசம்பரில் பிற்பகல் ஓட்டத்தை நம்பி யாரையும் கூப்பிட முடியாது. மற்ற மாதங்கள் பலவற்றில் சுமத்ரா காற்று மழையோடு விடியற்காலையில் அடித்துவிட்டுப் போய்விடும். இதனால் மண் ட்ராக் ஒன்று ஒரே நாளில் மூன்று ட்ராக் ஆகிறது. காலை எட்டு மணிக்கு ஈரம், மண் டயரின் பல்லுக்கு இடையில் அடைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு ஈரம் இறங்கி, கெட்டிப்பட்டு, பிடிப்பு அருமையாக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருகிறோம். மதியம் வெயில் ஏற மேல் மண் பொடியாகி, வண்டிகள் ஓடிய கோடு மட்டும் வழுவழுவென்று இருக்கும். கோட்டை விட்டு ஒரு சாண் விலகினால் பின்பக்கம் சுற்றிக்கொள்ளும். இதையெல்லாம் தாண்டி வாரக் கடைசியில் காஸ்வே கடந்து ஜொகூர்ப் பக்கம் போனால் அங்கே தரை இன்னொன்று.

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் தரையில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த வண்டி வேகம்?" என்பது இல்லை. "எந்த வண்டியின் குறையை என்னால் சரிசெய்ய முடியும்?" என்பதுதான்.

மண் வண்டியைக் கார்ப்பெட்டில் இறக்கினால் என்ன ஆகும்? பிடிப்பு அதிகமாகி வளைவில் கவிழப் பார்க்கும். அதற்கு மருந்து நிறைய. தரையிலிருந்து வண்டியின் உயரம் மண்ணில் 22 மில்லிமீட்டர் சுற்றி வைப்போம். அதை 18-க்கு இறக்கலாம். வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் கம்பி போடலாம். ஷாக் அப்சார்பர் எண்ணெயைக் கெட்டியாக்கலாம். முன் டயரின் பக்கச் சுவரில் சூப்பர் குளூ தடவினால் டயர் தரையைக் கவ்வி வண்டியைக் கவிழ்ப்பது குறையும், உலகம் முழுக்கச் செய்கிற வேலை. எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேர வேலை. முதல் மூன்று இடத்தில் வரமாட்டீர்கள், ஆனால் முழு நாளும் ஓட்டுவீர்கள்.

கார்ப்பெட் வண்டியைப் பொடி மண்ணில் இறக்கினால்? பின் சக்கரம் சும்மா சுற்றும். பேட்டரியைப் பின்னால் தள்ளலாம், பித்தளை எடை வைக்கலாம், பின் சக்கரத்தின் உள்சாய்வைக் கூட்டலாம். ஓரளவு அடங்கும். ஆனால் படுத்திருக்கும் கியர்பாக்ஸை எழுந்து நிற்க வைக்க அதற்கான பாகங்களைத் தனியாக வாங்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசுக்கு முதலிலேயே மண் வண்டியை வாங்கியிருக்கலாம். பிடிப்பைக் குறைப்பது சுலபம், இல்லாத பிடிப்பைக் கொண்டுவருவது கஷ்டம். என் வாதம் முழுக்க இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

கார்ப்பெட்டிலேயே ஓட்டுகிறேன், குளிர்சாதனம் இல்லாத இடத்துக்கு வரமாட்டேன் என்பவர்கள் தாராளமாகக் கார்ப்பெட் வண்டி வாங்குங்கள். இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை.

டயருக்கு வருகிறேன். வண்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், டயரை மட்டும் கிட்டோடு வந்ததைப் போட்டு ஓட்டுகிறோம். (பல கிட்டில் டயரே வராது, அது ஒரு வகையில் நல்லது.) ஒரு சுற்றின் நேரத்தைச் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மாற்றுவதைவிட டயர் அதிகமாக மாற்றும். கலவையான தரைக்கு என்னுடைய பரிந்துரை மூன்று ஜோடி ரிம்மில் மூன்று வகை. ஈரமான, புழுதியான மண்ணுக்கு உயரமான பல் உள்ளது, புரோலைன் ஹோல் ஷாட் போல. கெட்டியான, காய்ந்த மண்ணுக்குப் பல் நெருக்கமாக, தாழ்வாக உள்ளது. ஜேகான்செப்ட்ஸ் டர்ட் வெப்ஸ் இந்த வேலைக்குப் பெயர் வாங்கியது. புல்லுக்கும் கார்ப்பெட்டுக்கும் பின் சக்கரத்தில் ஷூமாக்கரின் "மினி பின்", முன் சக்கரத்தில் "கட் ஸ்டாகர்". கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மினி பின்னைச் சிமெண்டில் ஓட்டிப் பழகாதீர்கள், அந்தக் குட்டிப் பல் ஒரு மாலைக்குக்கூடத் தாங்காது. முன் டயர் மண்ணில் நீளவாக்கில் கோடு போட்ட ரிப் வகையாக இருக்கட்டும், ஸ்டியரிங் நிதானமாக இருக்கும். உள்ளே வைக்கும் ஃபோம், ரப்பரின் மென்மை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் வெயிலில் மிக மென்மையான ரப்பர் சீக்கிரம் கரையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"அண்ணே, இவ்வளவு தலைவலி எதுக்கு? ஃபோர் வீல் வாங்கிட்டா முடிஞ்சிதே?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஃபோர் வீல் எந்தத் தரையிலும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் டிஃப் (இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்) இரண்டு, டிரைவ் ஷாஃப்ட் கூடுதல், தேயும் பாகங்களும் கூடுதல். மண்ணில் ஓட்டிவிட்டு வந்து வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து கழற்றிக் கழுவும்போது வித்தியாசம் தெரியும். இன்னொன்று, டூ வீல் ஓட்டினால்தான் திராட்டிலை இழுக்கும் விரல் அடங்கும். வளைவின் பாதியில் திராட்டிலை முழுதாக இழுத்தால் வண்டி அங்கேயே சுற்றி நின்று தண்டனை தந்துவிடும். ஃபோர் வீல் அந்தத் தப்பை மன்னித்துவிடுவதால் அதை விடும் பழக்கமே வராது.

பந்தயமே வேண்டாம், பையனோடு சும்மா ஓட்ட ஒன்று போதும் என்பவருக்கு ட்ராக்ஸாஸ் பேண்டிட் தாங்கும். அடி வாங்கப் பிறந்த வண்டி, மோட்டாரும் பின்னால். டமியா கிராஸ்ஹாப்பர் 1984-இல் வந்த வடிவம், பின் அச்சு ஒரே துண்டு, குதித்துக் குதித்துப் போகும். சிரிப்பதற்கு வாங்கலாம். ட்ராக்கில் லேப் நேரம் பார்க்க வாங்காதீர்கள்.

மோட்டார் விஷயத்தில் சுருக்கமாக: பொடி மண்ணில் டூ வீலுக்கு 17.5 டர்ன் ஸ்டாக் மோட்டாரே அதிகம். டர்ன் எண் குறையக் குறைய மோட்டாரின் வேகம் கூடும், அப்படி ஒன்றை வாங்கிப் புழுதி கிளப்புவதில் பயன் இல்லை. நம் வெப்பத்தில் மோட்டார் சீக்கிரம் சூடேறும். வெளிநாட்டுக்காரர் எழுதிய கியர் கணக்கை அப்படியே போடாமல் பினியனில் (மோட்டார் அச்சில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) ஒரு பல் குறைவாகத் தொடங்குங்கள். டூ எஸ் லிபோவில் (இரண்டு செல் லித்தியம் பேட்டரி) குட்டையான ஷார்ட்டி பேக் வாங்குங்கள். முன்னும் பின்னும் நகர்த்த இடம் கிடைக்கும், கலவைத் தரைக்கு அது பெரிய உதவி. வீவக அடுக்குமாடி வீட்டில் லிபோவைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பக்கத்து வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள். ஓட்டாத நாளில் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் சுற்றி வைத்தால் போதும்.

எந்தப் பிராண்ட் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: நீங்கள் ஓட்டும் ட்ராக்கில் அதிகம் பேர் எதை வைத்திருக்கிறார்களோ அதை. முன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை) உடைந்தால் அடுத்த மேசையில் கடன் கேட்கலாம். ஒரு கடைக்காரர் எனக்கு அரிய பிராண்ட் ஒன்றை அருமையாகப் புகழ்ந்தார். சரி, அதன் பின் ஆர்ம் இருக்கிறதா என்றேன். "ஆர்டர் போட்டா வரும்" என்றார். வெளிநாட்டிலிருந்து நீங்களே வரவழைப்பதும் முன்போல மலிவில்லை. 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்குக் குறைவான இறக்குமதிக்கும் பொருள் சேவை வரி உண்டு. பதினைந்து வெள்ளிப் பாகத்துக்கு அனுப்பும் செலவும் வரியும் சேர்த்துப் பார்த்தால், கடையில் இருப்பில் உள்ள வண்டியே லாபம்.

பழையது வாங்குவது தப்பே இல்லை. பி6டி மாதிரி முந்தின தலைமுறை மண் வண்டிகள் இன்றும் நன்றாக ஓடும், பாகம் கிடைக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். வாங்கும்போது நான்கு சக்கரத்தையும் கழற்றி அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஈரத்தில் ஓட்டிவிட்டு அப்படியே வைத்த வண்டியில் பேரிங் கரகரவென்று சொல்லிவிடும். ஆர்மைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியில் துரு இருந்தால் கவலை வேண்டாம், அது சில வெள்ளி. சேசிஸ் வளைந்திருந்தால் மட்டும் விலை பேசாமல் வந்துவிடுங்கள். ஒரு கண்ணாடிப் பலகையைக் கையோடு எடுத்துப் போனால், அதன் மேல் வைத்ததும் வளைவு தெரிந்துவிடும்.