இருமலை மறைக்கச் சொல்லிக்கொடுத்த கப்பல்

ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற ஆறு பேரை ஒரே மேசையில் உட்காரவிட மாட்டோம் என்றார்கள். இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2020 டிசம்பர், கொவிட் காலத்துப் பள்ளி விடுமுறை. சிங்கப்பூர் மரினா பேயில் ஏறி, எந்த ஊரிலும் இறங்காமல் கடலில் சுற்றிவிட்டு, ஏறிய இடத்துக்கே திரும்பிவருகிற கப்பல் பயணம். அப்போது நாடு முழுக்க ஒரு மேசைக்கு 5 பேர்தான். நாங்கள் 6 பேர்: அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரர், மகன், சின்னவள். அடையாள அட்டையை எடுத்துக் காட்டினோம், எல்லோருக்கும் ஒரே முகவரி. சரி, ஒரே குடும்பம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் இரண்டு மேசை, நடுவில் ஒரு மீட்டர், மேசைக்கு மேசை கலக்கக் கூடாது. அப்பாவும் அம்மாவும் தனியாக ஒரு மேசை. உணவுப் பட்டியலைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்துதான் பார்க்க வேண்டும். அப்பாவின் பழைய போனில் அது திறக்கவே இல்லை. நான் இங்கிருந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, அவர் காதில் கையை வைத்துக்கொண்டு "என்னம்மா?" என்று கேட்க, சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு வயது சின்னவளுக்குப் பாட்டி கையால் ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கும். நாற்காலியில் இருந்து இறங்கி அம்மாவிடம் ஓடினாள். அம்மா தயிர்சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து நீட்டிய கை அப்படியே நிற்க, ஊழியர் ஒருவர் வந்து குழந்தையைத் தன் இடத்துக்கு அழைத்துப்போகச் சொன்னார். அந்தப் பையன்மேல் தப்பே இல்லை. அவன் முகத்திலேயே சங்கடம் தெரிந்தது. அவனுடைய மேலதிகாரி ஒருவர் கூடத்தின் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலை அதே பாட்டி பக்கத்தில் படுத்துத் தூங்கி எழுந்த குழந்தை அவள். அந்த ஒரு மீட்டர் இடைவெளி எந்தக் கிருமியைத் தடுத்தது என்று யாராவது எனக்கு விளக்கிச் சொல்லட்டும்.

கட்டுப்பாடே கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இளைப்பு, அம்மாவுக்குச் சர்க்கரை. முகக்கவசம் போடச் சொன்ன நாளில் இருந்து போட்டோம். யார் யாரோடு இருந்தோம் என்று பதிவுசெய்கிற டிரேஸ்டுகெதர் டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் சந்தைக்கே போனோம். கப்பல்களுக்கென்று சிங்கப்பூர் சுற்றுலாக் கழகம் கொண்டுவந்த விதிகளும் ஏனோதானோ என்று எழுதப்பட்டவை இல்லை. பாதி அளவுக்குத்தான் ஆட்கள், சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும், ஏறும் முன் எல்லோருக்கும் பரிசோதனை. வெளிநாட்டில் இருந்து வரும் ஊழியர்கள் கிளம்பும் முன் ஒரு பரிசோதனை செய்து, இங்கே வந்து 14 நாள் தனிமையில் இருந்து, மறுபடியும் பரிசோதனை செய்த பிறகுதான் வேலைக்கே வர முடியும். இதெல்லாம் நியாயம்தான். இந்த விதிகளை நம்பித்தான் போனோம்.

ஏன் போனோம் என்று கேட்பீர்கள். வருஷா வருஷம் டிசம்பரில் ஊருக்குப் போய்விடுவோம். கும்பகோணத்தில் அம்மாவின் அக்கா இருக்கிறார். அந்த வருஷம் வழக்கமான விமானமே இல்லை. எப்படியோ சிறப்பு விமானம் பிடித்துப் போனாலும், திரும்பிவர அனுமதி வாங்க வேண்டும். வந்தால் 14 நாள் ஓட்டலில் அடைபட வேண்டும். அதற்கு ஆளுக்கு 2,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஆறு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மா மார்ச்சில் இருந்து எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள்ளேயே, ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பிள்ளைகளோ திரையைப் பார்த்துப் படித்தே களைத்துப்போயிருந்தார்கள். கடல் காற்றாவது கொஞ்சம் படட்டுமே என்று சேமிப்பை எடுத்துக் கட்டிய பணம் அது. சொகுசு தேடிப் போன பணக்காரர்கள் என்று எங்களை யாரும் நினைக்க வேண்டாம்.

பணத்தைக் கட்டியாயிற்று. அப்புறம் வந்தது டிசம்பர் 9.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். குவாண்டம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலில் 83 வயதுப் பெரியவர் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. மனிதர் விதிப்படி கப்பல் மருத்துவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே எடுத்த பரிசோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டியது. நாலு நாள் பயணம் மூன்றாம் நாளே திரும்பியது. ஏறக்குறைய 1,700 பயணிகள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. கரையில் மறுபடி பரிசோதித்தால் தொற்று இல்லை. அடுத்த நாள் எடுத்த புது மாதிரியிலும் இல்லை. அந்த மனிதருக்குக் கொவிட்டே கிடையாது!

ஆனால் முடிவு வருவதற்குள் அவரைத் திட்டாத ஆள் இல்லை. எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலேயே, "இந்த வயசில் இவருக்குக் கப்பல் எதற்கு?", "வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன?" என்று எழுதினார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் செய்தது என்ன? உடம்பு சரியில்லை என்று உண்மையைச் சொன்னார். ஆளாளுக்குச் செய்யச் சொல்லி அறிவிப்புப் பலகை வைத்திருந்த அதே காரியத்தைச் செய்தார். அதற்குக் கிடைத்த பரிசு ஊர் முழுக்க வசவு.

அந்தச் செய்தி வந்ததில் இருந்து அம்மா பயந்துவிட்டார். "வேண்டாம்மா, ரத்துபண்ணிடு" என்றார். கப்பல் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடைசியாக எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பணம் திரும்ப வராது, அடுத்த பயணத்துக்கு வரவாக வைத்துக்கொள்ளலாம், அதற்கும் காலக்கெடு உண்டு என்றாள். சரி, ஏறுகிற நாளில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்? அவர் ஏற முடியாது. பணம்? அதுவும் வரவுதான். கூட இருக்கிற ஐந்து பேர்? அவர்களும் ஏற முடியாமல் போகலாம். அவர்கள் பணம்? வரவுதான். எதைக் கேட்டாலும் அதே பதில்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். காய்ச்சல் என்று உண்மையைச் சொன்னால் ஆறு பேரின் பயணமும் போகும், பணமும் முடங்கும். சொல்லாமல் இரண்டு பனடால் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் கப்பல் ஏறிவிடலாம். இப்படி ஒரு நிபந்தனையை எழுதிவைத்துவிட்டு, நேர்மையாக நடந்துகொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் கெஞ்சினால் யார் கேட்பார்கள்?

கேட்கவில்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். முனையத்தில் உடல்நல உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். ஏழெட்டு வயதுப் பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா குனிந்து, முகக்கவசத்தை ஏற்றிவிட்டு, "கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்று காதில் சொன்னாள். தமிழ்தான், எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெறும் ஜலதோஷமாகத்தான் இருந்திருக்கும். அவளை அப்படிச் சொல்லவைத்த நிபந்தனையை எழுதியவர்கள்மேல்தான் கோபம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கிற நிலையில் ஒரு தாயை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது. அப்பாவுக்கு இருமல் புதிதில்லை. இளைப்புக்காரர், குளிர்சாதன அறையில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் தொண்டை கமறும். மருத்துவரின் கடிதத்தைக் கையோடு வைத்திருந்தோம். பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் கப்பலில் கால் வைத்ததில் இருந்து அந்த மனிதர் இருமவே இல்லை. அடக்கிக்கொண்டே இருந்தார். வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். இருமல் வந்தால் எழுந்து அறைக்குப் போய்விடுவார். சன்னல் இல்லாத உள் அறை. அதுதான் எங்களுக்குக் கட்டுப்படியானது. மாலையில் மேல்தளத்தில் எல்லோரும் நின்று சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரைக் காணோம். கீழே போய்க் கதவைத் தட்டினால், கட்டிலில் உட்கார்ந்து தலையணையை வாயில் அழுத்தியபடி இருமிக்கொண்டிருந்தார். "பக்கத்து அறையில கேட்டா போய்ச் சொல்லிடுவாங்கம்மா. என்னால எல்லாருக்கும் கஷ்டம் வேண்டாம்" என்றார். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தன் பிள்ளைகள் எங்கள் நாலு பேரையும் படிக்கவைத்துத் தலைநிமிர்ந்து வாழவைத்த மனிதர், செய்யாத குற்றத்துக்குப் பயந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். இதை நான் மன்னிக்க மாட்டேன்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. அம்மா தனி மேசையில் தனியாக உட்கார்ந்தார். எங்கள் மேசையில் ஒரு நாற்காலி காலிதான். நாலு பேர்தான் இருக்கிறோம், ஐந்தாவதாக அம்மா இங்கே உட்காரட்டுமே என்று கேட்டேன். முன்பதிவில் அப்படி இல்லையாம். நாளைக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள்.

நீச்சல் குளத்துக்கும் கைப்பேசி ஆப்பில் நேரம் பிடிக்க வேண்டும். நாங்கள் பார்ப்பதற்குள் எல்லாம் நிரம்பிவிட்டது. மகன் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு கம்பிக்கு வெளியே நிற்கிறான், உள்ளே நாலே நாலு பேர். பதிவுசெய்தவர்கள் வரவில்லை. காலி இடத்தில் விடுங்கள் என்றால், முடியாது. இதே கப்பலில் சூதாட்டக் கூடத்தைக் கடந்து போனோம். அங்கே மேசையைச் சுற்றித் தோளோடு தோள் உரச நின்றிருந்தார்கள். பாதிப் பேருக்கு முகக்கவசம் தாடையில். ஒரு மீட்டர் எங்கே போனது? தயிர்சாதம் ஊட்டும் பாட்டியைப் பார்த்த கண், பணம் கொட்டுகிற இடத்தைப் பார்க்கவில்லை. குடும்பங்களை மிரட்டுவது சுலபம். பிள்ளைகளோடு வந்தவர்கள் சண்டை போட மாட்டார்கள், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கப்பலில் தொற்று பரவினால் என்ன ஆகும் என்பது தெரியாமலா இவ்வளவும் செய்தார்கள்? அதே வருஷம் பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரை நிறுத்திவைத்தார்களே. 712 பேருக்குத் தொற்று. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள், ஊழியர்கள் மட்டும் அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தனிமையும் இல்லை, தனி அறையும் இல்லை. வேலை முடிந்ததும் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் அறைக்கே திரும்பினார்கள். அந்த ஊழியர்களில் நூற்றுக்கும் மேல் இந்தியர்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. காப்பாற்றுங்கள் என்று அங்கிருந்து காணொளி எடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்து அழுத அம்மாக்களில் என் அம்மாவும் ஒருவர். அதனால்தான் சொல்கிறேன், கப்பலில் விதி உயிர் காக்கிற விஷயம். விதி உயிர் காக்க வேண்டுமென்றால், முதல் அறிகுறி தெரிந்த நிமிஷத்தில் ஆள் வந்து சொல்ல வேண்டும். பயமில்லாமல் வந்து சொல்ல வேண்டும். மற்ற எல்லா இடைவெளியும் தடுப்பும் அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பயத்தைப் போக்க என்ன செலவாகும்? காய்ச்சல் என்று ஒருவர் சொன்னால் அவர் குடும்பத்துக்குக் கட்டிய பணத்தை அப்படியே வங்கிக் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். வரவுச்சீட்டு இல்லை, பணம். வரவு என்பது அந்த நிறுவனம் உயிரோடு இருக்கும் வரைதான். அன்று சிங்கப்பூரில் இருந்து கப்பல் விட்ட ஒரு பெரிய நிறுவனத்தின் தாய் நிறுவனமே 2022 ஜனவரியில் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. அப்போது வரவை நம்பியவர்கள் யார் சட்டையைப் பிடிப்பது? கப்பல் ஓட அனுமதி கொடுத்தபோது காற்றோட்டம் முதல் கிருமிநாசினி வரை அத்தனையும் நிபந்தனையில் எழுதியவர்கள், இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் வரிசையில் அந்தத் தாய் குனிந்திருக்க மாட்டாள், என் அப்பா தலையணையைத் தேடியிருக்க மாட்டார்.

இப்போது கட்டுப்பாடு எல்லாம் போய்விட்டது, கப்பல்கள் நிறைந்து ஓடுகின்றன, விளம்பரம் விடாமல் வருகிறது. நான் ஒவ்வொரு விளம்பரத்திலும் நிபந்தனைப் பக்கத்தைத் தேடிப் போய்ப் படிக்கிறேன். உடல்நலக் காரணத்தால் ஏற்ற மறுத்தால் பணத்துக்கு என்ன ஆகும் என்ற இடத்தைப் பாருங்கள், நீங்களும் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும். பணம் கட்டும் முன் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், மூன்று பேர் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.