ஒத்துக்கிட்டா அரை நாள், மறுத்தா ஆறு மாசம்

பணியாரக்கார அக்காவுக்குக் கோர்ட்டில் போட்ட அபராதம் 500 ரூபாய். இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து பத்து ரூபாய்த் தாளாக முப்பத்தேழு வைத்தார். மிச்சம் 130க்கும் சில்லறை. தாள் எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணி வாங்கியவர் முடித்ததும் விரலை மேசை விளிம்பில் துடைத்துக்கொண்டார். ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டு அக்கா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, கல்லை எப்பத் தருவாக?"

கல் என்றால் பணியாரக் கல். ஏழு குழி, வார்ப்பிரும்பு, அவருடைய மாமியார் காலத்தது. தள்ளுவண்டியோடு சேர்ந்து ஒரு காம்பவுண்டுக்குள் வெயிலிலும் மழையிலும் கிடந்தது.

நான் வக்கீல் குமாஸ்தா. செட்டிநாட்டுப் பக்கத்துக் கோர்ட்டுகளில் இருபத்தாறு வருஷம் கட்டு சுமந்தவன். எந்த ஊர், எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கேதான் போக வேண்டும். கொலை கேஸ், சொத்து கேஸ் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். பெட்டி கேஸை, அதாவது சின்னச் சின்னக் குற்ற வழக்கைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கோர்ட் பக்கமே வந்திராத ஆட்களை ஒரு நாள் அங்கே கொண்டுவந்து நிறுத்துவது பெரும்பாலும் அதுதான்.

அக்கா செய்த குற்றம், பொதுவழியில் இடைஞ்சல். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தெருமுனையில் பதினோரு வருஷமாகச் சாயங்காலம் வண்டி போடுகிறார். ஒருநாள் வந்து வண்டி, சிலிண்டர், கல், மாவு வாளி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதே முனையில் ஒரு காதணி விழா ப்ளெக்ஸ், பாதி நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அது மறுநாளும் நின்றது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்பார்களே, அதேதான்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு 283வது பிரிவு, உச்ச அபராதம் 200 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 285வது பிரிவு, உச்சம் 5,000 ரூபாய். ஒரே நாளில் இருபத்தைந்து மடங்கு. 1860ல் எழுதிய தொகையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதற்கு முந்தின வருஷம்தான் ஜன் விஸ்வாஸ் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் தளர்த்தினார்கள். சின்னத் தவறுக்கெல்லாம் தொழில் செய்பவனை ஜெயிலைக் காட்டி மிரட்டக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். தள்ளுவண்டியும் தொழில் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

இனி அந்தக் கூண்டுக்கு வருகிறேன். பெயரைக் கூப்பிடுவார்கள். "ரோட்டுல இடைஞ்சலா வண்டி போட்டிருந்தீங்களாம், குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" மனுஷப் பிறவிக்கு இயல்பாக என்ன வாயில் வரும்? "நான் ஒண்ணும் பண்ணலையே ஐயா, யாவாரந்தான் பண்ணுனேன்." அவ்வளவுதான், மறுப்பு என்று பதிவாகிவிடும். அடுத்து விசாரணை. சாட்சியான ஏட்டையா அன்றைக்குத் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், வாய்தா. அடுத்த தடவை இன்னொரு பந்தோபஸ்து, இன்னொரு வாய்தா. நாலைந்து தடவை பஸ் ஏறி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் யாவாரம். ஒத்துக்கொண்டால் அரை நாளில் வேலை முடிந்தது.

அதனால் கூண்டேறுமுன் எல்லாரிடமும் நான் ஓதுவது ஒரே மந்திரம்: "ஆமாய்யான்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் பேசாதீக." அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாய்யா" என்றார்.

குற்றம் செய்தவருக்கு அரை நாள் தண்டனை, செய்யவில்லை என்பவருக்கு ஆறு மாசம். இதில் அபராதத் தொகை கூடவா குறைவா என்று பேசுவதே வீண். அக்காவுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய் மிஞ்சும். வண்டி போய் ஒன்பது நாள் யாவாரம் இல்லை, 5,400 ரூபாய். ஒரு வாளி மாவு புளித்துக் கீழே போனது. போக்குவரத்துக்கு ஆட்டோ, பஸ் செலவு. 500 ரூபாய் அபராதம் என்று ரசீதில் இருக்கிறது, அந்த அம்மா கட்டியது ஆறாயிரத்துக்கு மேல்.

இதற்கெல்லாம் சட்டத்திலேயே வழி இல்லாமல் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 2014ல் தெருவோர வியாபாரிகளுக்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதன்படி சான்று இல்லாமல் கடை போட்டாலும் உச்ச அபராதம் 2,000 ரூபாய்தான். பறிமுதல் செய்த சரக்கு அழுகும் பொருளாக இருந்தால், கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்ற பொருள் என்றால் இரண்டு வேலை நாளுக்குள். 19வது பிரிவு. மாவு அழுகும் பொருளா இல்லையா என்று யாரும் எனக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சின்னக் கேஸ்களுக்குக் கோர்ட்டுக்கே வராமல் முடிக்கவும் வழி உண்டு. அபராதம் மட்டுமே தண்டனை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாத குற்றம் என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 229வது பிரிவில் தொகையைக் குறிப்பிட்டே சம்மன் அனுப்பலாம். ஒத்துக்கொள்கிறவர் தபாலிலோ ஆள் மூலமோ பணத்தை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். பழைய சட்டத்திலும் சின்னத் தொகைக்கு இந்த வழி இருந்தது. என் இருபத்தாறு வருஷத்தில் அப்படி வந்த சம்மனை எண்ணினால் ஒரு கை விரல் மிச்சப்படும்.

நம்ம ஊரில் இதைப் பேச ஆரம்பித்தாலே யாராவது ஒருவர் சிங்கப்பூர்க் கதையை எடுத்துவிடுவார். வீட்டுக்கு ஒருத்தர் அங்கே இருக்கிறார், கேட்கவா வேண்டும். "அங்கெல்லாம் குப்பை போட்டா டாலர்ல தீட்டிருவான், அதான் சனம் ஒழுங்கா இருக்கு." அங்கே நாலு தப்படிக்கு ஒரு குப்பைத் தொட்டி இருப்பதைச் சொல்லமாட்டார்கள். பிடிபட்டால் மந்திரி மச்சினனும் கட்டியாக வேண்டும் என்பதையும் சொல்லமாட்டார்கள். இங்கே பொம்பளைகள் ஒதுங்க ஒரு இடம் கிடையாது, ஆம்பளை சுவரோரம் நின்றால் பொதுத் தொல்லை கேஸ். பயம் தொகையால் வருவதில்லை, தப்ப முடியாது என்று தெரிந்தால் தானாக வரும். நூறு ரூபாய் என்றாலும் நூறு தடவையும் விழுந்தால் போதும்.

ஹெல்மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் 100லிருந்து 1,000 ஆனது. ஹெல்மெட் போடத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2025ல் நூறு நாள் வேலைக்கு அரசாங்கமே வைத்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். மூன்று நாள் மண் சுமந்த காசை ரோட்டோரம் நின்று ஒருவன் எடுத்துக் கொடுப்பானா? "அண்ணே, பாத்துச் செய்யுங்க" என்பான். ஆயிரத்துக்கும் அவன் பையில் இருக்கும் இருநூறுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது பாருங்கள், ரசீதில்லாத காசு அந்தச் சந்து வழியாகத்தான் போகும். அபராதம் நூறாக இருந்தபோது அந்தச் சந்து இவ்வளவு அகலம் இல்லை. எந்த ஊரில் யார் வாங்கினார்கள் என்று கேட்டு என்னை மாட்டிவிடாதீர்கள்.

அதே ரோட்டில் ஒருவன் மாட்டை அடித்து வதைத்தால்? 1960ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். தலையில் தொப்பி இல்லாததற்கு ஆயிரம், வாயில்லா ஜீவனை வதைத்ததற்கு ஐம்பது. எந்தத் தராசில் நிறுத்தார்களோ.

மாடு என்றதும் ஒரு பையன் ஞாபகம் வருகிறது. சிறாவயல் பக்கம் மஞ்சுவிரட்டு என்றால் என்னவென்று நம் சனத்துக்குச் சொல்ல வேண்டாம். இது அந்தப் பெரிய மஞ்சுவிரட்டு இல்லை. 2019 தை மாசம் வேறொரு கிராமத்தில் அனுமதி வாங்காமல் மாடு அவிழ்த்துவிட்டார்கள். எஃப்ஐஆரில் பத்துப் பேர் பெயர், கீழே "மற்றும் பலர்". இந்த "மற்றும் பலர்" இருக்கிறதே, அது அடியில்லாத சாக்கு, பிறகு யாரை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். இந்தப் பையன் வேடிக்கை பார்த்தவன், பத்தொன்பது வயசு. உத்தரவை மீறியதாகப் பழைய தண்டனைச் சட்டத்தின் 188வது பிரிவு. சாதாரணமாக அதற்கு உச்சத் தண்டனை ஒரு மாசம் ஜெயில், அல்லது 200 ரூபாய், அல்லது இரண்டும். போன வருஷம் அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை அமைந்தது. பாஸ்போர்ட் விசாரணையில் "வழக்கு நிலுவை" என்று எழுதிவிட்டார்கள்.

என்ன நிலுவை? இவ்வளவு சின்னக் குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள் கோர்ட் அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும். அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறே மாசம். அந்தக் கெடு முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன, குற்றப்பத்திரிகையே போடவில்லை. போதாததற்கு 188க்குப் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட முடியாது, உரிய அதிகாரி கோர்ட்டில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும் என்று 2018லேயே ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செத்த கேஸ். ஆனால் கம்ப்யூட்டரில் உயிரோடு இருந்தது. மதுரைக் கிளையில் மனுப் போட்டு அதை ரத்து செய்ய வக்கீல் பீஸ், போக்குவரத்து, ஐந்து மாசம். கம்பெனிக்காரன் அதுவரை காத்திருக்கவில்லை. பையன் இப்போது தேவகோட்டைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் பெயின்ட் டப்பா அடுக்குகிறான். 200 ரூபாய்க் குற்றம், அதுவும் நிரூபணம் ஆகாதது.

கொரோனா ஊரடங்கில் போட்ட கேஸ்களும் இந்த ஜாதிதான். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் பழனிசாமி சுமார் பத்து லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தார். நல்லதுதான். ஆனால் மொத்தமாகத் தள்ளுபடி செய்ய முடிகிற கேஸை மொத்தமாகப் போட்டது எதற்கு?

எங்க ஐயா ஒரு கதை சொல்வாக. ஊருணியில் குடிதண்ணி எடுத்த காலம். ஊருணிக்குள் கால் கழுவினாலோ துணி அலசினாலோ காசு வாங்கமாட்டார்களாம். கோடையில் தூர் எடுக்கும்போது கூடுதலாக இருபது கூடை மண் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். காசுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இருபது கூடை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது யார், கைகட்டித் தெருவில் நின்றது யார், அந்த ஊருணிப் படியில் கால் வைக்கவே விடாமல் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று ஐயா சொன்னதில்லை. நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனவே பழைய பஞ்சாயத்துக்குத் திரும்புவோம் என்று நான் சொன்னதாக யாரும் ஸ்க்ரீன்ஷாட் போட வேண்டாம். அந்த இருபது கூடை என்ற கணக்கு மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. புதிய சட்டத்திலும் அது எட்டிப் பார்க்கிறது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால் முன்பு 24 மணி நேரம் வரை காவல், அல்லது பத்து ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 355வது பிரிவில் அபராதம் ஆயிரம் வரை, சமூக சேவையும் விதிக்கலாம். ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டைக் கூட்டிப் பெருக்கு என்றால் பண்ணையாருக்கும் பஞ்சம் பிழைப்பவனுக்கும் அது ஒரே சனிக்கிழமைதான். தள்ளுவண்டிக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு வழி யோசிக்கவில்லை? பிடித்த இடத்திலேயே ஒரு சீட்டு, நூறோ இருநூறோ, வண்டியை நாலடி தள்ளிப் போடச் சொல்லி ஒரு கோடு. மறுபடி மறுபடி செய்தால் கூட்டிக்கொண்டே போங்கள், யார் வேண்டாமென்றது.

அக்காவுக்கு வண்டி பத்தாம் நாள் கிடைத்தது. கல் துருவேறிப் போயிருந்தது. புளியைப் போட்டுத் தேய்த்து, மறுபடி எண்ணெய் பழக்கி வருகிறார், இன்னும் பணியாரம் ஒட்டுகிறதாம். சிலிண்டரின் ரெகுலேட்டர் வரவில்லை, "அப்படி ஒண்ணு இல்லவே இல்லையே" என்கிறார்கள். பறிமுதல் பட்டியலில் அது எழுதப்படவில்லை.

அதற்காகத்தான் இந்தப் பதிவே. செட்டிநாட்டுப் பக்கம் யாராவது தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 19வது பிரிவைக் காட்டி மனுக் கொடுத்து, அன்றைக்கே சரக்கைத் திருப்பி வாங்கியிருந்தால், அந்த மனுவின் நகலை இன்பாக்ஸில் போடுங்கள். வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் வருகிறார்கள், ஒருத்தர் இளநீர், ஒருத்தர் கொய்யாப்பழம்.