பர்ஸைப் பூட்டச் சொன்ன அக்காவுக்கு

ஜெர்மனியில் இருக்கும் நம் நர்ஸ்கள் குரூப்பில் வியாழக்கிழமை நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "வார்டுக்கு ஜிப்சி வந்திருக்கு, பர்ஸைப் பூட்டிட்டு டூட்டி பாருங்க" என்று ஒரு அக்கா போட்டார். அறுபத்து மூன்று சிரிப்பு. "அவங்களும் பேஷண்ட்தானே அக்கா" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அட்மின் அதைத்தான் தூக்கினார். சிரிப்பெல்லாம் பத்திரமாக இருக்கிறது.

நீங்கள் ஜிப்சி என்று சொன்ன அந்த மக்களுக்கு சின்டி, ரோமா என்று பெயர் இருக்கிறது. பேஷண்ட் என்றும் ஒரு பெயர் இருக்கிறது, நமக்கு அது போதும்.

"ஒருத்தருக்குப் பதினைந்து பேர் வந்து நிற்கிறார்களே" என்பீர்கள். உண்மைதான், நைட் டூட்டியில் நானும் கத்தியிருக்கிறேன். ஊரில் நம் ஆச்சி ஆஸ்பத்திரியில் படுத்தால் எத்தனை பேர் ஃப்ளாஸ்கோடு போய் நின்றோம்? அது பாசம், இது கும்பல், அப்படித்தானே?

அவர்கள் ஏன் தங்கள் பேஷண்டைத் தனியாக விடமாட்டார்கள் என்று யோசித்தீர்களா? ஏவா யுஸ்டின் என்று ஒருவர். நர்ஸ் படிப்புதான், நம் தொழில்தான். நாஜி காலத்தில் ராபர்ட் ரிட்டர் என்ற மனநல மருத்துவரோடு போய், இன ஆராய்ச்சி என்ற பெயரில் இந்த மக்களை அளந்து குறித்தவர். அவர்கள் மொழியிலேயே பேசிப் பழகினார். முல்ஃபிங்கன் என்ற ஊரின் குழந்தைகள் விடுதியில் இருந்த சின்டி குழந்தைகளை வைத்து முனைவர் பட்டமும் வாங்கினார். 1944 மே மாதம் அங்கிருந்து 39 குழந்தைகளை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றினார்கள். பிழைத்தது நான்கு பேர். போருக்குப் பிறகு ஃபிராங்ஃபர்ட் நகராட்சி அந்த அம்மாவுக்குக் குழந்தைகள் உளவியலாளர் வேலை கொடுத்தது!

பழங்கதையா? சரி. ஸ்லோவாக்கியாவில் ஒரு ரோமா பெண்ணிடம் பிரசவ வலியில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை ஆபரேஷன் செய்தது 2000-இல். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று சொன்னது 2011-இல். செக் நாட்டில் இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 2021-இல்தான்.

போன குளிர்காலத்தில் என் வார்டில் ஒரு சின்டி பாட்டி. ரத்தம் எடுக்கப் போனால் பேத்தி "எதுக்கு, எதுக்கு" என்று குடைந்தாள். எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொரு டியூபும் எதற்கு என்று சொன்னேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பாட்டி தானாகவே கையை நீட்டினார்.

"அப்போ அவங்க திருடுறதே இல்லையா?" என் சார்ஜரைத் திருடியது கூட வேலை பார்த்தவள். அவள் எந்த இனம் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

வந்த புதிதில் ஒரு ஜெர்மன் தாத்தா என் நிறத்தைப் பார்த்ததும் பர்ஸை எடுத்து என் முன்னாலேயே பணத்தை எண்ணினார். இதே குரூப்பில்தான் எழுதி அழுதேன். "மனசுல வச்சுக்காத தங்கம், மனுஷங்களா இவங்க" என்று முதலில் ஆறுதல் சொன்னது நீங்கள்தான் அக்கா. அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அட்மினும் ஹார்ட் போட்டிருக்கிறார்.