22-க்கு 2

நேற்று மதியச் சாப்பாட்டில் அலுவலக நண்பரோடு மறுபடியும் அதே சண்டை. பாஸ்டனில் இருந்துகொண்டு, இந்த ஊர் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் பழைய நட்சத்திரம் டேவிட் ஓர்ட்டீஸைப் பற்றிச் சந்தேகமாக ஒரு வார்த்தை பேசினால், கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: 'கிளட்ச் ஹிட்டர்' என்று ஒரு ஜாதி உண்மையிலேயே உண்டா?

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக: ஆட்டத்தின் கடைசிக் கட்டம், ஸ்கோர் நெருக்கம், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் வந்து அடிப்பவர்தான் கிளட்ச் ஹிட்டர். கிரிக்கெட்டில் ஃபினிஷர் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோல.

ஓர்ட்டீஸ் அடித்தார், அதில் சந்தேகமே இல்லை. 2004 அக்டோபரில், ஏழு ஆட்ட பிளேஆஃப் தொடரில், நியூயார்க் அணியான யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றுவிட்டு நின்றது ரெட் சாக்ஸ். நான்காவது ஆட்டம் நள்ளிரவைத் தாண்டியது, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் போதாமல் 12-வது இன்னிங்ஸ் வரை போனது, அதில் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து முடித்தார். அதே தேதி இரவு ஐந்தாவது ஆட்டம், 14-வது இன்னிங்ஸ், மறுபடி அவரே. அடுத்த ஆண்டே 'ரெட் சாக்ஸ் வரலாற்றின் தலைசிறந்த கிளட்ச் ஹிட்டர்' என்று பொறித்த பலகையை அணி நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது. அணிக்கு வந்து அப்போது மூன்றாவது சீசன்தான்!

2013-க்கு வருவோம். டெட்ராய்ட் டைகர்ஸோடு பிளேஆஃப் தொடரின் இரண்டாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 5-1 என்று பின்தங்கிய நிலை. ஓர்ட்டீஸ் கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு ரன் தரும் ஹோம் ரன், அடிக்கிறார், ஒரே அடியில் ஸ்கோர் சமம். பிடிக்கப் பாய்ந்த டைகர்ஸ் வீரர் டோரி ஹன்டர் தலைகீழாக வேலிக்கு அந்தப்பக்கம் விழ, அங்கே நின்ற போலீஸ்காரர் இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடுகிறார். அந்தப் படம் இன்னும் எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஆனால் அந்தத் தொடர் முழுக்க ஓர்ட்டீஸ் அடித்தது 22-க்கு 2, அதாவது 22 வாய்ப்பில் இரண்டே ஹிட். அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அடுத்த வாரம் இறுதிச் சுற்றான உலகத் தொடர் தொடங்கியது, அதில் 16-க்கு 11! அதே ஆள், அதே மாதம். இதில் எதை அவருடைய நெருக்கடித் திறமை என்று எடுத்துக்கொள்வது?

இங்கேதான் கணக்கு வருகிறது. 1000 வாய்ப்புக்கு 270 ஹிட் அடிக்கும் ஒருவரை 100 வாய்ப்பு மட்டும் கொடுத்துப் பாருங்கள். திறமை இம்மியும் மாறாமலே, வெறும் அதிர்ஷ்டத்தால் அவர் சராசரி (ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில்) 225-க்கும் 315-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். மூன்றில் ஒரு தடவை அதையும் தாண்டிப் போகும். ஒரு சீசனில் உண்மையான நெருக்கடி வாய்ப்புகள் 100 கிடைத்தாலே பெரிது. இதை வைத்துக்கொண்டு ஒருவருக்கு 'நெஞ்சுரம்' சான்றிதழ் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் டிக் கிரேமர் 1977-இல் இதைத்தான் சோதித்தார். 1969-இல் நெருக்கடியில் ஜொலித்தவர்கள் 1970-இலும் ஜொலித்தார்களா என்று பார்த்தார். அப்படி எதுவும் தென்படவில்லை. அப்புறம் பல வருஷம் புள்ளிவிவரக்காரர்களுக்கு அதுவே வேதம், 'கிளட்ச் என்பதே கட்டுக்கதை' என்றார்கள். இதுவும் அவசரம்தான். பேஸ்பால் புள்ளிவிவரக்காரர்களின் முன்னோடியான பில் ஜேம்ஸே பின்னாளில் தன் தரப்பை மறுபரிசீலனை செய்து எழுதினார்: இவ்வளவு பனிமூட்டத்துக்குள் ஆள் தெரியவில்லை என்பதற்காக ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. தன் கூட்டத்தைப் பார்த்தே இதைச் சொன்னாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

என் கட்சி என்னவென்றால், அப்படி ஒரு திறமை இருக்கலாம், ஆனால் அதை நம்பி ஒரு கோச் முடிவெடுக்கும் அளவுக்கு அது பெரிதில்லை. யாங்கீஸ் நட்சத்திரம் டெரெக் ஜீட்டரைப் பாருங்கள். 'மிஸ்டர் நவம்பர்' என்றே பட்டம். வழக்கமான சீசன்களில் சராசரி 310, அதற்குப் பிந்தைய பிளேஆஃப் ஆட்டங்களில், அதுவும் 158 ஆட்டங்களில், 308. அவர் எப்போதும்போல அவராகவே இருந்தார். நல்ல பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) மட்டுமே மிஞ்சியிருக்கும் அக்டோபரில் அது சாதாரண விஷயமும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு யாங்கீஸ் வீரர் அலெக்ஸ் ரோட்ரிகஸ் விஷயத்தில். 2006 பிளேஆஃபில் 14-க்கு 1. எட்டாவது இடத்தில் இறக்கி அவமானப்படுத்தினார்கள். பயந்தாங்கொள்ளி என்று ஊரே முத்திரை குத்தியது. 2009-இல் அதே மனிதர் 365 சராசரி, 6 ஹோம் ரன், யாங்கீஸுக்குக் கோப்பை. மூன்று வருஷத்தில் புதுசாக முதுகெலும்பு முளைத்ததா என்ன?

நண்பர் கடைசியாக ஒரு கேள்வி போட்டார். "ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், ஒரு ரன் வேணும். யாரை அனுப்புவே?"

"ஓர்ட்டீஸைத்தான்" என்றேன். "541 ஹோம் ரன் அடிச்ச ஆள். முதல் இன்னிங்ஸா இருந்தாலும் அவரைத்தான் அனுப்புவேன்."

"அப்புறம் எதுக்குய்யா இவ்வளவு நேரம் சண்டை போட்டே?" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.