குறைந்துபோன கைகள்

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சில ஆண்டுகளாகத் தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பாடம் நடத்திவருகிறேன். முதல் வகுப்பில், "யாரெல்லாம் சொந்தத் தொழில் தொடங்கப்போகிறீர்கள்?" என்று கேட்டால் பாதிக்கு மேல் கை உயரும், பருவத்தின் கடைசி வாரத்தில் அதே கேள்விக்கு உயரும் கைகள் குறைந்துவிடும். என் கற்பித்தலில்தான் கோளாறு என்று வெகுநாள் வருந்தியிருக்கிறேன்.

நெதர்லாந்துக் கல்லூரியொன்றில் மாணவர்களே சிறு நிறுவனம் நடத்திப் பார்க்கும் திட்டத்தை ஆராய்ந்து, ஓஸ்டர்பேக் குழுவினர் 2010இல் வெளியிட்ட கட்டுரையும் தொழில் தொடங்கும் விருப்பம் குறைந்ததாகவே சொல்கிறது. 73 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரையோ, பாடத்துக்கும் விருப்பத்துக்கும் சிறிய தொடர்பு இருப்பதாகவும், படிக்கும் முன்பே இருந்த விருப்பத்தைக் கணக்கில் எடுத்தால் அதுவும் பொருட்படுத்தத்தக்கதாக நிற்கவில்லை என்றும் கண்டது.

மார்த்தாண்டம் பக்கத்து மாணவர் ஒருவர், அப்பாவின் தேனைப் புட்டியில் அடைத்து விற்கப்போவதாகச் சொல்லி முதல் நாளே கை தூக்கியவர். ரப்பர் தளிர்க்கும் தை முதல் பங்குனி வரைதான் தேன் வரத்து. மழைக்காலத்திலோ பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைத்துத் தேனீக்களைக் காப்பாற்ற வேண்டும். வரவில்லாத அந்த மாதங்களுக்கான செலவு, புட்டி, லேபிள், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிய பிறகு, இரண்டு ஆண்டு கழித்துத் தொடங்குவதாகச் சொல்லிக் கையை இறக்கிக்கொண்டார். கருத்துக்கணிப்புத் தாளில் இது விருப்பக் குறைவு; என் கணக்கில் அந்தப் பருவத்திலேயே பாடத்தை மிக நன்றாகக் கற்றவர் அவர்தான்.

ஆனால் எல்லாக் கைகளும் கணக்குப் போட்டு இறங்குவதில்லை. ஒருவரின் எண்ணத்தை அவருடைய சொந்த மனப்பாங்கு, வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் உருவாக்குகின்றன என்பது உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991இல் விளக்கிய கோட்பாடு. இவற்றில் நடுவில் உள்ளதை எங்கள் பாடத்திட்டம் தொடுவதே இல்லை. வளைகுடாப் பணத்தில் வீடு கட்டியவர்களும், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் நிறைந்த மாவட்டம் இது. "மக்களே, முதல்ல ஒரு ஜோலிக்குப் போ, தொழிலெல்லாம் பெறவு பாக்கலாம்" என்று அம்மா சொன்ன பிறகு என் நாற்பத்தைந்து மணி நேரப் பாடம் என்ன செய்யும்?

புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. ஆனாலும் பொதுப் பிரிவினர் திட்டச் செலவில் 10 விழுக்காட்டைத் தாமே போட வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிக்கு அந்தப் பணம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே அடுத்த பருவத்தில் ஒரு வகுப்புக்குப் பெற்றோரையும் அழைக்கலாம் என்றிருக்கிறேன். அதைப் பதிவேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று துறைத்தலைவர் கேட்கிறார். இதுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.